காணாமல் போன சக வீரரைத் தேடி விண்கலம் விரைவது – நிஜத்தில் நடக்குமா?

#1 கரும்பலகை

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு வானியல் மன்றம் நடத்துகிறேன். போன வாரம் ஆளுக்கொரு விண்வெளிக் கதை எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஏழெட்டுப் பேர் கிட்டத்தட்ட ஒரே கதையோடு வந்தார்கள். விண்கப்பலில் இருந்து ஒருவர் காணாமல் போகிறார், மற்றவர்கள் கப்பலைத் திருப்பி முழு வேகத்தில் பறந்து போய்க் கடைசி நொடியில் அவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

எல்லாக் கதையையும் வாசித்து முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், நிஜத்துல இப்படி யாராவது யாரையாவது காப்பாத்தியிருக்காங்களா?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்குள் தெரிந்துகொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பிள்ளைகளிடம் தப்பாக எதையும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

#2 பட்டறைக்காரன்

டீச்சர், "முழு வேகத்தில்" என்ற இடத்தை மட்டும் முதலில் திருத்திவிடுகிறேன். பூமியைச் சுற்றும் பாதையில் நமக்கு முன்னால் போகிறவரைப் பிடிக்க ஆக்சிலேட்டரை அழுத்தினால் அவர் இன்னும் தள்ளிப் போய்விடுவார். வேகத்தைக் கூட்டினால் நம் பாதை உயர்ந்துவிடும். உயரமான பாதையில் ஒரு சுற்று முடிய அதிக நேரம் ஆகும். பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். கீழே சுற்று சீக்கிரம் முடியும், அப்படியே நெருங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். 400 கி.மீ. உயரத்தில் இருப்பவரை 300 கி.மீ. உயரத்தில் இருந்து துரத்தினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்கலாம்.

இதை அமெரிக்கர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1965 ஜூனில் ஜெமினி 4 விண்கலத்தில் ஜிம் மெக்டிவிட், தன் ராக்கெட்டின் எரிந்து முடிந்த அடுக்குக்குப் பக்கத்தில் போகப் பார்த்தார். அதை நோக்கி நேராகத் தள்ளத் தள்ள அது விலகியது. எரிபொருள்தான் கரைந்தது, கடைசியில் முயற்சியைக் கைவிட்டார்கள். ஆறே மாதத்தில், அந்த டிசம்பரில், ஜெமினி 6ஏ கணக்குப் போட்டு வந்து ஜெமினி 7-க்கு ஓர் அடி தூரம் வரை நெருங்கி நின்றது.

#3 துருவநட்சத்திரம்

பட்டறைக்காரர் சொன்னது சரி. நான் டீச்சர் கேட்டதற்கே வருகிறேன்.

விண்வெளியில் சிக்கியவர்களை மீட்க இன்னொரு விண்கலம் ஆட்களோடு அவசரமாகக் கிளம்பிப் போய் அழைத்து வந்தது இதுவரை ஒருமுறைகூட நடக்கவில்லை. ஆனால் நடந்திருக்கக்கூடிய ஒரு முறை உண்டு. இருபது வருடமாக என்னால் மறக்க முடியாதது அது.

கொலம்பியா, நாசாவின் விண்ணோடங்களில் ஒன்று. 2003 ஜனவரி 16 அன்று ஏழு பேரோடு கிளம்பியது. அதில் ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் ஒருவர். நம் மாநில அரசு துணிச்சலுக்காக ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் ஒரு பெண்ணுக்குத் தரும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். கிளம்பி 82 விநாடிகூட ஆகாத நேரத்தில் வெளிப்புற எரிபொருள் தொட்டியில் இருந்து ஒரு வெப்பக்காப்பு நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையின் முன் விளிம்பில் மோதியது. எடை முக்கால் கிலோ இருக்கும். மறுநாள் படச்சுருளைப் போட்டுப் பார்த்தபோதே பொறியாளர்களுக்குத் தெரிந்துவிட்டது. எவ்வளவு சேதம் என்பதுதான் தெரியவில்லை. இராணுவத்தின் கருவிகளை வைத்து இறக்கையைப் படம் எடுத்துத் தரும்படி கேட்டார்கள், ஒருமுறை இல்லை, மூன்று முறை. நிர்வாகம் அதைத் தொடரவில்லை. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில், டெக்சாஸ் வானத்தில், கலம் சிதறியது. ஏழு பேரும் போய்விட்டார்கள்.

விசாரணைக் குழு தன் அறிக்கைக்காக நாசாவிடம் ஒரு கேள்வி கேட்டது. இரண்டாம் மூன்றாம் நாளிலேயே சேதம் உறுதியாகியிருந்தால் இவர்களைக் காப்பாற்றியிருக்க முடியுமா? பொறியாளர்கள் உட்கார்ந்து மணிக்கணக்கு, நாள்கணக்குப் போட்டுப் பார்த்துப் பதில் கொடுத்தார்கள். கடினம், ஆனால் செய்திருக்கலாம் என்பதுதான் அந்தப் பதில்.

#4 கடைசிப்பெஞ்சு

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள் ஐயா. அப்போதே சர்வதேச விண்வெளி நிலையம் மேலே இருந்ததே? கொலம்பியா நேராக அங்கே போய் ஒட்டிக்கொண்டிருக்கலாமே? இவ்வளவு சுற்று எதற்கு?

#5 பட்டறைக்காரன்

தம்பி, எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், எனக்கும் தோன்றியது. கொலம்பியா பூமத்திய ரேகைக்கு 39 பாகை சாய்வில் சுற்றியது. நிலையத்தின் சாய்வு 51.6 பாகை. இரண்டும் ஒரே பூமியைச் சுற்றினாலும் தடம் வேறு. கலம் விநாடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் ஓடும்போது தடத்தை 12.6 பாகை திருப்ப விநாடிக்கு 1.7 கி.மீ. அளவுக்கு வேக மாற்றம் வேண்டும். கலத்தின் எரிபொருளால் அதிகபட்சம் கிடைக்கக்கூடியது விநாடிக்கு ஏறக்குறைய 300 மீட்டர். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதோடு, நிலையத்தோடு இணைவதற்கான கருவியே அந்தப் பயணத்தில் கொலம்பியாவில் பொருத்தப்படவில்லை.

சாலையில் போகிற பேருந்து பக்கத்துத் தண்டவாளத்தில் போகும் ரயிலில் ஏறிக்கொள்ளட்டும் என்று கேட்பது மாதிரி.

#6 கடைசிப்பெஞ்சு

புரிந்தது அண்ணே, நன்றி. துருவ ஐயா, நீங்கள் தொடருங்கள்.

#7 துருவநட்சத்திரம்

அந்தக் கணக்கை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பிள்ளைகளுக்குப் பயன்படும்.

மேலே இருப்பவர்களுக்கு எத்தனை நாள் கைவசம் இருந்தது என்பதில் தொடங்குகிறது. சாப்பாடு, தண்ணீர், ஆக்சிஜன் எல்லாம் சிக்கனமாகப் பிடித்தால் ஒரு மாதம் வரை ஓடும். முதலில் தீர்வது மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பாக்கள். கலத்தில் 69 இருந்தன. எல்லோரும் அசையாமல் படுத்து, நிறையத் தூங்கி, சோதனைகளை எல்லாம் நிறுத்திவிட்டு, காற்றில் அந்த வாயு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பதையும் பொறுத்துக்கொண்டால் முப்பதாவது நாள் வரை தாங்கும். அதாவது பிப்ரவரி 15 காலை வரை.

கீழே அட்லாண்டிஸ் என்ற இன்னொரு விண்ணோடம் மார்ச் 1 அன்று கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தது. எஞ்சின்கள் பொருத்தியாகிவிட்டன. தொட்டியும் பக்கவாட்டு ராக்கெட்டுகளும் ஏற்கெனவே இணைத்து நிற்கின்றன. வாரத்தின் ஏழு நாளும் மூன்று ஷிப்டும் ஆட்களைப் போட்டு, தேவையான பாதுகாப்புச் சோதனை எதையும் விடாமலே, பிப்ரவரி 10 அன்று கிளப்பியிருக்கலாம் என்று கணக்கு வந்தது. கைவசம் இருந்தது 10 முதல் 15 வரை ஐந்து நாள். அதற்குள் வானிலை ஒத்துழைக்க வேண்டும், எந்தப் பழுதும் குறுக்கே வரக் கூடாது.

கிளம்புபவர்கள் நான்கே பேர். ஓட்ட இருவர், வெளியே மிதந்து வேலை செய்ய இருவர். அட்லாண்டிஸ் கீழே இருந்து மேலேறி கொலம்பியாவுக்கு நேராக வந்து நிற்கும். இரண்டின் சரக்கு அறைக் கதவுகளும் ஒன்றையொன்று பார்த்தபடி திறந்திருக்கும். வால்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஒன்று மற்றதற்குக் குறுக்காகத் திரும்பியிருக்கும். அந்த இரண்டு வீரர்களும் புது டப்பாக்களையும் கூடுதல் விண்வெளி உடைகளையும் எடுத்துக்கொண்டு கொலம்பியாவுக்குள் போவார்கள். கொலம்பியாவில் வெளியே நடமாடும் உடை இரண்டுதான் இருந்தது. ஆகவே இரண்டிரண்டு பேராக அழைத்துவர வேண்டும். உடை மாட்டி, காற்றழுத்தம் சரிபார்த்து, கடந்து, அந்த உடையைக் கழற்றித் திரும்பவும் அந்தப் பக்கம் அனுப்பி... இவ்வளவு நேரமும், எட்டொன்பது மணி நேரம் வரை, விமானிகள் நூறு டன் எடையுள்ள கலத்தை இன்னொரு நூறு டன் கலத்துக்குப் பக்கத்தில் கையாலேயே பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும்.

கடைசியாக வெளியேறுபவர்கள் கொலம்பியாவின் விசைகளைத் தரையில் இருந்து இயக்கும்படி அமைத்துவிட்டு வருவார்கள். பதினொரு பேரோடு அட்லாண்டிஸ் இறங்கும். ஆளில்லாத கொலம்பியாவைத் தெற்கு பசிபிக் கடலில் விழவைப்பார்கள்.

டீச்சர், உங்கள் பிள்ளைகள் எழுதிய கதை இதுதான். இதில் கற்பனை எதுவும் இல்லை. எல்லாம் கைவசம் இருந்த கலம், கைவசம் இருந்த ஆட்கள்.

#8 நீலவானம்

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அந்தக் கரியமில வாயுவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அது உடம்பில் ஏறினால் முதலில் தலைவலி வரும். பிறகு மூச்சு வேகமாகும், தூக்கம் அழுத்தும், யோசிப்பது மந்தமாகும், சின்னச் சின்னத் தப்புகள் செய்யத் தொடங்குவார்கள். நோயாளி "எனக்கு ஒன்றுமில்லை சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே குழம்பியிருப்பார். அந்த நிலையில் ஏழு பேர் மூன்று வாரத்துக்கு மேல் அசையாமல் படுத்திருந்து, அதற்கப்புறம் உடை மாட்டி வெட்டவெளியைக் கடந்து வர வேண்டும். துருவ ஐயா எழுதியதில் என்னை உலுக்கிய இடம் அதுதான்.

ஆனாலும் அவர்கள் செய்திருப்பார்கள். தேடி வருகிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் எவ்வளவோ தாங்குவார்கள். என் பணியில் தினமும் பார்க்கிறேன்.

#9 பட்டறைக்காரன்

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு, மனதில் வைத்துக்கொள்ளாமல் கேட்டுவிடுகிறேன். அட்லாண்டிஸிலும் அதே தொட்டி, அதே நுரை. 2002 அக்டோபரில் அதே அட்லாண்டிஸ் கிளம்பியபோதும் அதே இடத்தில் இருந்து ஒரு துண்டு பிய்ந்து பக்கவாட்டு ராக்கெட்டில் அடித்தது. காரணம் என்னவென்று தெரியாமல், திருத்தாமல், இன்னும் நான்கு பேரை அதே வண்டியில் ஏற்றி அனுப்புவது சரியா? பட்டறையில் ஒரு இயந்திரம் ஒருவன் கையைப் பிடித்துவிட்டால் முதலில் மின்சாரத்தை நிறுத்துவோம். இன்னொருவன் கையை விட்டு இழுக்க மாட்டோம்.

#10 நீலவானம்

அண்ணா, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அங்கே மின்சாரத்தை நிறுத்த வழியில்லையே. காத்திருந்தால் ஏழு பேரும் நிச்சயமாக இறப்பார்கள். போனால் நான்கு பேருக்கு ஆபத்து வரலாம், வராமலும் போகலாம். அதைத் தெரிந்தே "நான் போகிறேன்" என்று வருபவரை எப்படித் தடுப்பது? தொற்று வார்டில் வேலை பார்க்கச் சம்மதமா என்று எங்களிடம் கேட்டபோது நாங்களும் தெரிந்தேதான் கையைத் தூக்கினோம்.

#11 பட்டறைக்காரன்

சம்மதித்தவர்கள் போவதை நான் தடுக்கவில்லை, அக்கா. அனுப்புகிறவர் அந்தச் சம்மதத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது என்கிறேன். நூறுக்கும் மேற்பட்ட முறை பறந்த வகை வண்டி அது. பறந்ததில் பலமுறை நுரை விழுந்தது. ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆகவில்லை என்று அடுத்ததை அனுப்பினார்கள். அப்போதே நிறுத்திப் பார்த்திருந்தால் மீட்கப் போக வேண்டிய நிலையே வந்திருக்காது.

#12 துருவநட்சத்திரம்

இருவர் சொல்வதையும் ஒத்துக்கொள்கிறேன். பட்டறைக்காரரின் நெருடல் வீணாகவும் போகவில்லை. விபத்துக்குப் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் மேலே போனதும் நீண்ட கம்பத்தில் கேமரா வைத்து இறக்கையின் விளிம்பு முழுவதையும் பார்த்தார்கள். சேதம் இருந்தால் நிலையத்திலேயே தங்கி அடுத்த கலத்துக்குக் காத்திருப்பது என்று ஏற்பாடு.

2009 மே மாதம் ஹபிள் தொலைநோக்கியைப் பழுது பார்க்க அட்லாண்டிஸ் போனபோது அந்த வழியும் இல்லை. ஹபிளின் தடமும் நிலையத்தின் தடமும் வேறு, கடைசிப்பெஞ்சு கேட்ட அதே சிக்கல். அதனால் பக்கத்து ஏவுதளத்தில் எண்டெவர் விண்கலத்தை நிறுத்தி, நான்கு பேரைப் பயிற்றுவித்துத் தயாராக வைத்திருந்தார்கள். மே 11 அன்று அட்லாண்டிஸ் கிளம்பியபோது மற்றொன்று சும்மா நின்றது. இரண்டு ஏவுதளத்திலும் இரண்டு விண்கலம் நிற்கும் அந்தப் படத்தைக் கிடைத்தால் வகுப்பில் காட்டுங்கள் டீச்சர். ஒன்று வேலைக்குப் போகிறது, மற்றது தேவைப்பட்டால் தேடிப் போவதற்காக நிற்கிறது. நல்லவேளை, தேவைப்படவில்லை.

அதற்கும் முன்னால், 1973-லேயே ஒருமுறை தயாரானார்கள். அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குப் போன ஆலன் பீன், ஓவன் கேரியட், ஜாக் லூஸ்மா மூவரின் அப்போலோ கலத்தில் திசைதிருப்பும் உந்திகளின் நான்கு தொகுப்புகளில் இரண்டு கசிந்தன. உடனே இன்னொரு அப்போலோவில் மூன்று இருக்கைக்குப் பதில் ஐந்து இருக்கை பொருத்தி, வான்ஸ் பிராண்ட், டான் லிண்ட் இருவரும் போய் அழைத்துவர ஏற்பாடானது. மீதி இரண்டு தொகுப்பை வைத்தே இறங்கலாம் என்று உறுதியானதும் அது நின்றது. பீன் குழு 59 நாள் முடித்து நல்லபடியாக வந்து சேர்ந்தது.

#13 மகேந்திரகிரிச்சாரல்

ஆட்களோடு அவசரமாகப் போகவில்லை என்பது சரி. ஆனால் வெற்றுக் கலம் போயிருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

2022 டிசம்பரில் சர்வதேச நிலையத்தில் ஒட்டியிருந்த ரஷ்யாவின் சோயுஸ் எம்எஸ்-22 கலத்தில் குளிர்விக்கும் திரவம் பீய்ச்சிக்கொண்டு வெளியே போனது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஓட்டை. விண்கல் துகள் பட்டிருக்கும் என்றார்கள். அந்தக் கலத்தில் திரும்பினால் உள்ளே வெப்பம் ஏறிவிடும். செர்கேய் புரோகோபியெவ், திமித்ரி பெத்தேலின், ஃபிராங்க் ரூபியோ மூவருக்கும் வீட்டுக்கு வர வண்டி இல்லை. 2023 பிப்ரவரியில் ரஷ்யா எம்எஸ்-23 கலத்தை ஆளே இல்லாமல் அனுப்பியது. ஆறு மாதத்தில் முடிய வேண்டிய பயணம் 371 நாளானது. செப்டம்பர் 27 அன்றுதான் இறங்கினார்கள்.

இதில் ஒரு சின்ன விஷயம். சோயுஸ் இருக்கையில் ஒவ்வொருவர் முதுகுக்கும் அளவெடுத்து வார்த்த ஓர் உறை உண்டு. தரையில் மோதும் அதிர்ச்சியைத் தாங்க அது அவருக்கே பொருந்த வேண்டும். மாற்றுக் கலம் வருவதற்குள் ஏதாவது அவசரம் என்றால் என்ன செய்வது? ரூபியோவின் உறையைக் கழற்றி, நிலையத்தில் இருந்த, நான்கு பேருக்கான அமெரிக்க டிராகன் கலத்தில் ஐந்தாவது ஆளாக அவர் படுக்கும்படி பொருத்தினார்கள். "இடமில்லை" என்று யாரும் சொல்லவில்லை. தரையில் படுத்துக்கொண்டாவது வா என்றார்கள்.

சுனிதா வில்லியம்ஸ் கதை பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். 2024 ஜூன் 5 அன்று புட்ச் வில்மோரோடு போனார். போன ஸ்டார்லைனர் கலத்தில் உந்திகள் மக்கர் செய்தன, ஹீலியம் கசிந்தது. அது வெறுமனே திரும்பியது. அடுத்த டிராகனில் நான்கு பேருக்குப் பதில் இருவரை மட்டும் ஏற்றி, இரண்டு இருக்கையைக் காலியாக விட்டு செப்டம்பரில் அனுப்பினார்கள். 2025 மார்ச் 18 அன்று அதில்தான் இருவரும் வந்தார்கள். இதற்காகத் தங்கள் இருக்கையை விட்டுக்கொடுத்துத் தரையிலேயே நின்றுவிட்ட இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

#14 கரும்பலகை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. குறிப்பேடு நிரம்பிவிட்டது. ஆனால் ஒரு சந்தேகம். இவர்கள் எல்லோரும் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியும், போவதுதான் சிரமம். பிள்ளைகளின் கதையில் ஆள் *காணாமல்* போகிறார். எங்கே என்றே தெரியாமல் தேடியது உண்டா?

#15 பழையவானொலி

அம்மா, எனக்கு எழுபது தாண்டிவிட்டது. மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த தலைமுறை. இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

விண்வெளியில் யாரும் தொலைவதில்லை. ராடார் பார்த்துக்கொண்டே இருக்கும், அடுத்த சுற்றில் எங்கே வருவார்கள் என்று விநாடிச் சுத்தமாகச் சொல்லிவிடலாம். தொலைந்தவர்கள் எல்லோரும் பூமிக்குத் திரும்பிய பிறகுதான் தொலைந்தார்கள்.

1965 மார்ச் 18. சோவியத் நாட்டின் வொஸ்ஹோத் 2 கலத்தில் பாவெல் பெல்யாயெவும் அலெக்சேய் லியோனவும் போனார்கள். லியோனவ் 12 நிமிடம் வெளியே மிதந்தார். மனித குலத்தில் முதல் ஆள். திரும்ப உள்ளே வரும்போது உடை காற்றில் உப்பி விரல்கள் கையுறையை எட்டவில்லை. உடையின் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டு, தலையை முதலில் விட்டு நுழைந்து உயிர் பிழைத்தார். இது எல்லோருக்கும் தெரிந்த பாதி.

மறுநாள் இறங்க வேண்டிய நேரத்தில் தானியங்கித் திசையமைப்பு வேலை செய்யவில்லை. கையாலேயே கலத்தைத் திருப்பி எஞ்சினை மூட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கலத்தில் திசை பார்க்கும் கண்ணாடி இருக்கைக்குப் பக்கவாட்டில் இருந்தது. குறுக்காகச் சாய்ந்து பார்த்துத் திருப்பிவிட்டு, மறுபடி இருக்கையில் சரியாக உட்கார்ந்த பிறகுதான் எஞ்சினை மூட்டலாம், இல்லையென்றால் கலத்தின் எடைச் சமநிலை கெடும். அந்த உட்காரும் நேரம், சுமார் 46 விநாடி, தாமதமாகிவிட்டது. விநாடிக்கு ஏழு கி.மீ.க்கு மேல் ஓடுகிற வண்டி. குறித்த இடத்தைத் தாண்டி 386 கி.மீ. தள்ளி, பெர்ம் பகுதியின் அடர்ந்த காட்டில், ஆள் புதையும் பனியில் விழுந்தார்கள்.

எங்கே இறங்கினார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்கவே மணிக்கணக்கானது. ஹெலிகாப்டர் மேலே வந்து பார்த்தது, மரங்கள் நெருக்கமாக இருந்ததால் இறங்க முடியவில்லை. கதகதப்பான உடைகளைக் கீழே போட்டார்கள், பாதி கிளைகளில் மாட்டிக்கொண்டது. லியோனவின் உடைக்குள் வியர்வை தேங்கி நின்றது. உறைந்துவிடுவோம் என்று எல்லாவற்றையும் கழற்றிப் பிழிந்து திரும்ப மாட்டிக்கொண்டார்கள். அந்த இரவை அந்த இரும்புக் கூண்டிலேயே கழித்தார்கள்.

அடுத்த நாள் மீட்புக் குழு பனிச்சறுக்குக் கட்டைகளில் காட்டுக்குள் வந்து சேர்ந்தது. வந்தவர்கள் உடனே இழுத்துக்கொண்டு ஓடவில்லை. மரம் வெட்டிச் சின்னக் குடில் போட்டு, தீ மூட்டி, தண்ணீர் காய்ச்சி அவர்களைக் குளிப்பாட்டினார்கள். இன்னொரு இரவும் அங்கேயே. மூன்றாம் நாள்தான் ஹெலிகாப்டர் இறங்க மரம் வெட்டிச் செய்த இடம் வரை, சுமார் 9 கி.மீ., எல்லோரும் சேர்ந்து சறுக்கிக்கொண்டே போனார்கள். வானத்தில் நடந்த முதல் மனிதர் வீடு திரும்பியது காட்டுப் பனியில் சறுக்கித்தான். அந்தக் காட்டில் பட்ட பாட்டை மறக்காமல்தான் பின்னால் சோயுஸ் பயணிகளுக்கு மூன்று குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள்.

#16 துருவநட்சத்திரம்

ஐயா, அருமை. உங்களோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1976 அக்டோபரில் சோயுஸ் 23 இறங்கியது கசக்ஸ்தானில், தெங்கிஸ் ஏரியின் நடுவில். இரவு, பனிமூட்டம், கடுங்குளிர். சூதவ், ரோஷ்தெஸ்த்வென்ஸ்கி இருவரும் உள்ளே. பாரசூட் நனைந்து கலத்தைச் சாய்த்துவிட்டது, கதவைத் திறக்க வழியில்லை. படகுகளால் நெருங்க முடியவில்லை. விடிந்த பிறகு ஹெலிகாப்டரில் கயிறு கட்டிக் கலத்தைச் சேற்றிலும் பனிக்கட்டியிலும் கரை வரை இழுத்தே கொண்டுவந்தார்கள். தேடிப் போனவர்களில் சிலர் உள்ளே இருப்பவர்கள் இறந்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்தார்கள். திறந்தால், உயிரோடு இருந்தார்கள்.

#17 கடைசிப்பெஞ்சு

பிள்ளைகள் கதையில் வருகிற மாதிரி, வெளியே வேலை செய்யும்போது ஒருவர் கயிறு அறுந்து மிதந்து போய்விட்டால்?

#18 மகேந்திரகிரிச்சாரல்

இதுவரை யாரும் அப்படிப் போனதில்லை. இரண்டு கொக்கியும் ஒரே நேரத்தில் விடக் கூடாது என்பதுதான் முதல் பாடம். விண்ணோடம் இருந்த காலத்தில் கலமே பின்னால் போய்ப் பிடிக்கலாம். இப்போது இருப்பது நானூறு டன்னுக்கு மேல் எடையுள்ள நிலையம். அது யாரையும் துரத்தாது. அதனால் அமெரிக்க உடையின் முதுகில் நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சும் ஒரு சிறு கருவி இருக்கும். 1994 செப்டம்பரில் மார்க் லீயும் கார்ல் மீடும் கயிறு இல்லாமல் மிதந்து அதைச் சோதித்தார்கள். அது மொத்தமாகத் தரும் வேகம் விநாடிக்கு மூன்று மீட்டர், நாம் வேகமாக ஓடும் அளவுக்குக்கூட இல்லை. அதை வைத்து அவரே திரும்பி வந்துவிட வேண்டும்.

#19 நீலவானம்

சக வீரரைக் காப்பாற்றியது என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது இத்தாலிய வீரர் லூகா பர்மித்தானோதான். 2013 ஜூலை 16. கிறிஸ் காசிடியோடு நிலையத்துக்கு வெளியே வேலையில் இருக்கிறார். தலைக்கவசத்துக்குள் பின்னந்தலையில் ஈரம் படுகிறது. எடையில்லாத இடத்தில் தண்ணீர் கீழே வடியாது. தோலில் ஒட்டிக்கொண்டே படர்ந்து காது, கண், கடைசியில் மூக்கு வரை மூடிவிட்டது. அந்த நேரம் பார்த்து சூரியனும் மறைந்தது. குரல் கேட்கவில்லை, ஒன்றும் தெரியவில்லை. தன் பாதுகாப்புக் கயிறு சுருண்டு இழுக்கும் திசையைத் தொட்டுத் தொட்டே நுழைவாயிலுக்கு வந்தார்.

காசிடி தன் கயிற்றின் வழியாக வேறு பாதையில் வந்து சேர்ந்து கதவை மூடினார். காற்று நிரம்பும் வரை தலைக்கவசத்தைக் கழற்ற முடியாது. காசிடி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நலமா என்பதற்குப் பதிலாக லூகா கையை அழுத்தினார். உள்ளே கேரன் நைபர்க் மற்றவர்களோடு துண்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கவசத்தைக் கழற்றியபோது அதில் ஒன்றரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர்.

ஒரு வாரம் முன்பு அதே உடையில் தண்ணீர் வந்திருந்தது. குடிநீர்ப் பையின் கசிவு என்று எடுத்துக்கொண்டார்கள். பட்டறைக்கார அண்ணா நுரையைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது. வார்டிலும் அலாரம் அடித்தால் "அது எப்பவும் அடிக்கிறதுதான்" என்று சொல்லும்போதுதான் எனக்குப் பயமே வரும்.

#20 கரும்பலகை

இன்று வெள்ளிக்கிழமை. வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன்.

பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டு ஜனவரி 16, பிப்ரவரி 1, 10, 15 என்று குறித்தேன். அட்லாண்டிஸ் கணக்கைச் சொல்லி முடித்ததும் வகுப்பே அமைதியாகிவிட்டது. லியோனவைக் குளிப்பாட்டியதைச் சொன்னபோதுதான் திரும்பச் சிரித்தார்கள். இரண்டு பையன்கள் தங்கள் கதையைத் திருத்தி எழுதுகிறோம் என்று நோட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். முதல் கேள்வி கேட்ட அதே மாணவி இன்றும் ஒன்று கேட்டாள். கொலம்பியாவில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக இறக்கையைப் பார்த்திருக்க முடியாதா டீச்சர், என்று. எனக்குத் தெரியவில்லை.

#21 துருவநட்சத்திரம்

அடிபட்ட இடம் உள்ளே இருந்து எந்த ஜன்னலிலும் தெரியாது, டீச்சர். இறக்கையின் முன் விளிம்பில், அடிப்பக்கமாக இருந்தது. அவர்களுக்கு நுரை மோதியதே ஜனவரி 23 அன்று வந்த ஒரு மின்னஞ்சலில்தான் தெரியும். கவலைப்பட ஒன்றுமில்லை என்று அதில் எழுதியிருந்தது.

பார்க்க வேண்டுமானால் யாராவது வெளியே போக வேண்டும். இரண்டு உடை இருந்தது என்று சொன்னேன் அல்லவா? அவசரம் என்றால் அவற்றை மாட்டிக்கொண்டு வெளியே போக அந்தக் குழுவில் இருவர் பயிற்சி பெற்றிருந்தார்கள், மைக்கேல் ஆண்டர்சனும் டேவிட் பிரவுனும். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கீழே இருந்து யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.